உன் பெயர் வெட்டிய கல்

புதுச்சேரி,
கல்லறைத் திருநாள், சாயங்காலம்.

ராஜு,

இப்படி உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. உனக்குக் குருப்பட்டம் கொடுத்த அன்றைக்கு, ஆயர் உன் தலையில் கை வைத்ததும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அம்மா காதில் நான்தான் சொன்னேன், இனிமேல் இவனை வாடா போடா என்று பேசக்கூடாது, சாமி என்றுதான் கூப்பிட வேண்டும் என்று. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்று மத்தியானம் பந்தியில் "சாமி, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுங்களா" என்று உன்னைக் கேட்டவன் நான். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து நீ நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாய். கேலி இல்லை என்று தெரிந்ததும் உன் சிரிப்பு நின்றுபோனது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. நம்மவர்கள் வீடுகளில் அதுதான் வழக்கம், பெற்ற பிள்ளையே ஆனாலும் சாமியாராகிவிட்டால் மரியாதை. ஆனால் வழக்கத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்ள இந்தக் கடிதத்தை எழுதவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. சாமியாரின் அப்பாவாக இருப்பது எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது.

இதில் உன்னை நீ என்றுதான் எழுதப் போகிறேன். போனில் பேசினால் வாய் தன்னால் சாமி என்று போய்விடும். தவிர, நீ போனை எடுப்பதும் இல்லை. நான் அனுப்புகிற ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு டிக் விழுகிறது, நீலமாக மட்டும் ஆவதில்லை. இரண்டு டிக் விழுகிறது என்றால் போனை யாரோ சார்ஜ் போடுகிறார்கள், அது நீதான் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். உன் கோயில் நம்பருக்குப் போட்டால் நீ பதிவு செய்துவைத்த குரல் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை எத்தனை மணிக்கு என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. அதைக் கேட்பதற்காகவே தினமும் காலையில் ஒரு தடவை போடுகிறேன். பத்தொன்பது நாளாக இப்படித்தான் போகிறது. அதனால் கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். கண்ணில் புரை விழுந்தவன் எழுத்து, கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கடைசியாகப் பேசியதை நான் எத்தனை தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று உனக்குத் தெரியாது. எனக்குக் காலை ஐந்தரை மணி, பால் வாங்கிக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்தேன். லியோ கிழவரை அடக்கம் செய்து பத்து நாள் ஆகிறது என்றாய். வருகிற ஈஸ்டரோடு உன் கோயிலை மூடிவிடப் போவதாக உங்கள் ஆயரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது என்றாய். அதற்கப்புறம் உன்னை வேறு நாலு கிராமங்களுக்குச் சேர்த்துப் போடுவார்களாம், நாலும் இதே மாதிரி கிழவர்கள் மட்டும் மிச்சமிருக்கிற ஊர்களாம். "குழி தோண்டற மெஷின் ஓட்டறாரு இல்ல, அவரும் நானும்தான்பா வாரத்துல ரெண்டு வார்த்த பேசிக்கறோம்" என்று சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்தது. அப்புறம், "அப்பா, நான் வந்துடட்டா?" என்றாய்.

"லீவுலயா சாமி?"

"லீவு இல்லப்பா. மொத்தமா. பட்டத்த வுட்டுட்டு."

அதற்கு நான் என்ன சொன்னேன் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் இங்கே எழுதிவைக்கிறேன், பிறகு நான் மாற்றிச் சொல்ல முடியாதபடி. "ஊர்ல என்னா சொல்லுவாங்க சாமி" என்றேன். அதோடு விட்டேனா? "அம்மாவோட நேர்த்திக்கடன நெனச்சிப் பாருங்க" என்றும் சொன்னேன். நீ "சரிப்பா" என்று வைத்துவிட்டாய். இரண்டு நாள் கழித்து அந்தப் போட்டோவை அனுப்பினாய். உங்கள் சிமித்தேரியில் லியோவின் புது மண்மேடு, அதற்குப் பக்கத்தில் புதிதாக நட்ட மஞ்சள் கல், அதில் உன் பெயர். கீழே "எனக்கும் எடம் ரெடிப்பா" என்று எழுதியிருந்தாய். அதற்கப்புறம் உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ராஜு, அந்தக் கல்லை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். உனக்கு முன்னால் பார்த்தவன் நான். அதைச் சொல்ல வேண்டும் என்றால் உன் ஊருக்கு நான் வந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

உன்னை அமெரிக்காவுக்கு அனுப்புகிறார்கள் என்றதும் தட்டாஞ்சாவடியில் எங்கள் பட்டறை முழுக்க மிட்டாய் கொடுத்தேன். முதலாளி எழுந்து நின்று கை கொடுத்தார். நீ போய் இறங்கியதோ கோதுமைக் காட்டுக்கு நடுவில் ஒரு குக்கிராமம், அறுபது எழுபது பேர். ஜெர்மன்காரர்கள் வந்து உண்டாக்கிய ஊர் என்றும், ஊர்ப் பெயருக்கு அவர்கள் பாஷையில் புது ஊர் என்று அர்த்தம் என்றும், நம்ம ஊரும் புதுச்சேரிதானே என்றும் எழுதியிருந்தாய். அப்போது உனக்கு விளையாட்டாக எழுத வந்தது. போகப்போகக் கடிதம் நின்று போனாகி, போனிலும் யார் யாரை அடக்கம் செய்தாய் என்பது மட்டும்தான் சேதி என்றாயிற்று. உன் அம்மா செத்த ஜனவரியில் அங்கே பனிப்புயல், ரோடெல்லாம் மூடிவிட்டார்கள். அவளை இங்கே நாங்கள் குழியில் இறக்கிய அதே நாளில் நீ அங்கே வேறு யாரோ ஒரு கிழவிக்கு மண் போட்டுக்கொண்டிருந்தாய். மூன்றாம் நாள் வந்து சேர்ந்து, காய்ந்துபோன மாலைகளுக்கு முன்னால் நின்றாய். அப்போதும் நான் உன் தோளில் கை வைக்கவில்லை. சாமியார் தோளில் எப்படிக் கை வைப்பது என்று நின்றேன்.

இரண்டு வருஷம் கழித்து, போன கோடைக்கு முந்தின கோடையில், மூன்று மாதம் இருந்துவிட்டுப் போங்கள் என்று என்னை அழைத்துக்கொண்டாய். ஏர்போர்ட்டிலிருந்து மூன்று மணி நேரம் காரில் வந்தோம். ஊர் தெரிவதற்கு ரொம்பத் தூரம் முன்னாலேயே கோயிலின் இரட்டைக் கோபுரம் தெரிந்தது. அவ்வளவு பெரிய கோயில் நம்ம ஊர்க் கடற்கரைப் பக்கம் இருந்தால் நம்பலாம். அதற்குக் கீழே ஒரே ஒரு தெரு, பூட்டிய கடை, பூட்டிய பள்ளிக்கூடம், கோதுமை கொட்டிவைக்கிற உயரமான சிமெண்டுக் குதிர், பாதிக்கு மேல் ஆளில்லாத வீடுகள். நாற்பது வருஷம் லேத்துச் சத்தத்தில் காது கெட்டவன் நான். உன் ஊரில் போய் உட்கார்ந்தபோதுதான் என் காது தனக்குத்தானே இரைவது எனக்குக் கேட்டது. ஆறு அறை இருக்கிற அந்தச் சாமியார் பங்களாவில் நீ ஒரே ஒரு அறையில் மட்டும் விளக்குப் போட்டிருந்தாய். ஃபிரிட்ஜைத் திறந்தால் துக்க வீடுகளில் கொடுத்தனுப்பிய சாப்பாட்டு டப்பாக்கள், மேலே பேனாவால் பெயரெழுதி. முட்டைக்கோசும் மாட்டிறைச்சியும் வைத்து அடைத்த பன் ஒன்று, அதைத்தான் நீ வாரம் முழுக்கச் சாப்பிடுகிறாய் என்று தெரிந்து, மறுநாளே நான் ரசம் வைத்தேன். புளிக்கு எங்கே போவது என்று எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து. நீ மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாய்.

லியோவை நான் பார்த்தது அந்த வாரம்தான். எண்பத்திரண்டு வயசு, மனைவியை இழந்தவர், கோயில் சாவி அவரிடம். ஊரை உண்டாக்கியவர்களில் ஒருவருடைய கொள்ளுப்பேரன். அவர் கொட்டகையில் ஒரு பழைய லேத் இருந்தது, பத்து வருஷமாக ஓடாமல். நான் அதைத் தொட்டுப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. நாலு நாளில் இரண்டு பேரும் சேர்ந்து அதை ஓடவிட்டோம். எங்களுக்குப் பாஷை தேவைப்படவில்லை, ஸ்பேனர் போதுமாக இருந்தது. கதை சொல்ல வேண்டும் என்றால் மட்டும் உன்னைக் கூப்பிட்டுக்கொள்வார்.

அப்படித்தான் ஒரு மத்தியானம் அவர் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அவர் சொல்ல, நீ எனக்குத் தமிழில் சொன்னாய். அவருடைய ஆட்கள் முதலில் ஜெர்மனியிலிருந்து ரஷ்யாவுக்குப் போனார்களாம், நிலம் தருகிறோம், பட்டாளத்துக்கு இழுக்கமாட்டோம் என்று ராணி ஒருத்தி சொன்னதை நம்பி. தலைமுறைகள் கழித்து அந்தப் பேச்சு தவறிப்போனதும் மறுபடி கப்பலேறி, ரயிலேறி இந்தப் புல்வெளியில் வந்து இறங்கினார்களாம். இறங்கிய இடத்தில் ஒரு மரம் கிடையாது. மேட்டுச் சரிவில் குழி தோண்டி, மேலே புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கி, முதல் குளிர்காலத்தை அதற்குள்ளே கழித்தார்கள். அந்தக் குளிரில் குழந்தைகள் வரிசையாகச் செத்தன. ஆகவே அந்த ஊருக்கு முதலில் வந்தது சிமித்தேரி, அப்புறம்தான் கோயில், அதற்கப்புறம்தான் வீடு. கோயிலுக்குக் கல் வெட்டி வண்டியில் இழுத்து வருவது ஒவ்வொரு வீட்டுக்கும் கடமை. கோயில் எழும்பிய பிறகு இன்னொரு கடமையும் வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளையைச் சாமியாராகவோ கன்னியாஸ்திரியாகவோ கொடுத்துவிட வேண்டும். யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் கொடுக்காத வீட்டோடு யாரும் சம்பந்தம் செய்யமாட்டார்கள்.

லியோ வீட்டில் கொடுத்தது அவருடைய அண்ணனை, பதிமூன்று வயதில். அண்ணன் முப்பது வயதுக்கு மேல் ஒரு நாள், அறுப்புக் காலத்தில், கையில் பெட்டியோடு அந்தச் சமையலறை வாசலில் வந்து நின்றாராம். தன்னால் முடியவில்லை, வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்றாராம். அப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கோயிலுக்குக் கொடுத்தது திரும்பி வீட்டுக்குள் வரக்கூடாது என்று மட்டும் சொன்னாராம். அண்ணன் பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்து போனார். எங்கேயோ ஒரு பட்டணத்தில் இருந்து, அப்புறம் சவப்பெட்டியில்தான் வந்தார். எப்படிச் செத்தார் என்று லியோ சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. குடும்பத்தார் வரிசையில் இடம் கொடுக்காமல் வேலியோரமாகப் புதைத்தார்கள். "அண்ணன் வாசல்ல நின்னப்ப நானும் அந்த மேஜையிலதான் இருந்தேன். நான் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கிட்டே இருந்தேன்" என்று லியோ சொன்னதை நீ எனக்குச் சொன்னாய். அப்போது நீ லியோவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்குப் புரியவில்லை என்று நினைத்தாயோ என்னவோ, இன்னொரு தடவை மெதுவாகச் சொன்னாய். எனக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. "காப்பி ஆறுது சாமி, குடிங்க" என்றேன்.

கிளம்பும்போது லியோ என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னார். நீ முதலில் சொல்ல மாட்டேன் என்றாய், நான் கேட்டதால் சொன்னாய். "எங்க வீட்டுப் புள்ளைங்க தீந்துபோச்சி. அதான் ஒங்க வீட்டுப் புள்ளைய வாங்கியிருக்கோம்." அவர் அதை நன்றியாகத்தான் சொன்னார். மனுஷனுக்குக் கண் கலங்கியிருந்தது.

உங்கள் சிமித்தேரியில் உயிரோடு இருப்பவர்களுக்கும் கல் உண்டு என்பதை அதற்கு அடுத்த நாள்தான் பார்த்தேன். லியோவின் மனைவி பெயருக்குப் பக்கத்திலேயே லியோவின் பெயர், பிறந்த வருஷம், ஒரு கோடு, அப்புறம் வழவழப்பாக வெறும் கல். நேற்று என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் பெயரெல்லாம் அங்கே வெட்டியிருந்தது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். "இங்க இதான்பா வழக்கம், யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க" என்றாய் நீ. லியோ சனிக்கிழமைதோறும் தன் பெயருக்கு முன்னால் வளர்ந்த புல்லைத் தானே வெட்டுவதையும் பார்த்தேன். நம்ம பக்கம் இப்படி ஒருத்தர் செய்தால் மந்திரிக்க அழைத்துப் போவார்கள். சரி, அவரவர் வழக்கம் என்று விட்டுவிட்டேன்.

ஆறாவது வாரம் ஒரு நாள் காலை, நீ பக்கத்து ஊருக்கு நோயாளியைப் பார்க்கப் போயிருந்தாய். லியோ வந்து என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். ரொம்பச் சந்தோஷமாக இருந்தார், வாயில் விரலை வைத்து உன்னிடம் சொல்லக்கூடாது என்று காட்டினார். கொட்டகையின் கோடியில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்ததை இழுத்தார். மஞ்சள் கல். கோயில் கோபுரத்தையும் கல்லையும் மாறி மாறிக் காட்டி, நாலு விரலை நீட்டினார்; அவர்கள் முன்னோர் கோயில் கட்டியபோது மிஞ்சிய கடைசிக் கல், நாலு தலைமுறையாக யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தது என்று புரிந்துகொண்டேன். கையை விரித்து, ஊர்ப் பக்கம் காட்டி, நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். ஊரெல்லாம் சேர்ந்து முடிவு செய்தது என்று புரிந்தது. கல்லில் சவரிராஜ் என்று உன் முழுப் பெயர், இங்கிலீஷ் எழுத்தில், ஒரு எழுத்துப் பிசகாமல். கீழே நீ பிறந்த வருஷம். அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு. அதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தேன். வெட்டு நேராக இருந்தது, ஆழம் ஒரே சீராக இருந்தது, நல்ல வேலை. "தேங்க் யூ" என்றேன். பெற்ற அப்பன் ராஜு நான், முப்பத்தேழு வயதுப் பிள்ளையின் பெயரைக் கல்லறைக் கல்லில் பார்த்துவிட்டு, வேலை சுத்தம் என்று தலையாட்டினேன். அந்தக் கிழவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை. தன்னிடம் இருந்ததிலேயே பெரியதை அவர் உனக்குக் கொடுத்தார், நீ எங்கள் ஆள் என்று சொல்ல அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது. உன்னைக் கொண்டுபோய் அந்தக் கல்லுக்கு அடியில் விட்டது அவர் இல்லை என்று எனக்கு அங்கேயே, அந்தக் கொட்டகையிலேயே தெரியும். பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது, ஊருக்குப் போகிறேன் என்று அன்று மாலை உன்னிடம் சொன்னது பொய். பெட்டியில் இரண்டு மாதத்துக்கு மாத்திரை இருந்தது. லியோ அண்ணன் கதையில் நீ சொல்லாமல் சொன்னதற்காக நான் கோபித்துக்கொண்டு போகிறேன் என்று நினைத்திருப்பாய். நான் பயந்துகொண்டு ஓடினேன், அவ்வளவுதான்.

இப்போது அதைவிடப் பெரிய பொய்க்கு வருகிறேன். இதை எழுதத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்தேன்.

உனக்குப் பதினேழு வயதில், பொங்கலுக்கு முந்தின வாரம், குருமடத்திலிருந்து டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறி வந்துவிட்டாய். உன் அம்மா மீன் மார்க்கெட் போயிருந்தாள். நான் ஷிப்டு முடிந்து வந்து படுத்திருந்தேன். எழுந்து இரண்டு டம்ளரில் காப்பி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். "எனக்கு அங்க புடிக்கலப்பா. நான் இங்கயே படிக்கறேன், இல்லன்னா ஒங்ககூட வேலைக்கி வர்றேன்" என்றாய். நீ அழவில்லை, நன்றாக யோசித்துவிட்டு வந்திருந்தாய். அதுதான் எனக்கு அச்சமாக இருந்தது. உன்னை அடுக்களைப் பக்கம் கூட்டிப்போய், குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஜன்னி கண்டு கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாய், அம்மா வில்லியனூர் மாதாவிடம் உன்னை நேர்ந்துகொண்டாள், நீ விட்டுவிட்டு வந்தால் அது அவள் தலையில்தான் விடியும். இதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூடாது, நேர்த்தியை வாய்விட்டுப் பேசினால் பலிக்காது. இதைக் கேட்டுக் காப்பியைக்கூட முடிக்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்சுக்குப் போய்விட்டாய்.

உனக்கு ஜன்னி வந்தது உண்மை. ஆஸ்பத்திரியில் கிடந்தது உண்மை. நேர்த்தி பொய். உன் அம்மா உன்னை யாரிடமும் நேர்ந்துகொள்ளவில்லை. அப்படி ஒன்று சொல்லப்பட்டது என்றே அவளுக்குச் சாகும்வரை தெரியாது. அவளிடம் நீ கேட்டுவிடாதபடி அந்தப் பொய்க்கு நானே ஒரு பூட்டும் செய்து போட்டேன், லேத்துக்காரன் புத்தி. அன்று அவள் வவ்வால் மீனோடு திரும்பி வந்து, இரண்டு டம்ளரைப் பார்த்துவிட்டு, "யாரு வந்தது?" என்று கேட்டாள். "யாரும் வரல" என்றேன். அவள் பாதி காப்பியைக் கீழே ஊற்றிவிட்டு டம்ளரைக் கழுவிவைத்தாள்.

ஏன் செய்தேன் என்று நீ கேட்கலாம். நம்ம கோயிலில் நான் பையனாக இருந்த காலத்தில் நம்ம தெரு ஆட்கள் பின்னால்தான் நிற்போம். என் அப்பா கடைசிவரை தூணுக்குப் பின்னால் நின்று பூசை கண்டவர். சாமியாரைப் பெற்றவனுக்கு முன்வரிசையில் நாற்காலி போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். நீ குருமடத்துக்குப் போன நாளிலிருந்தே எனக்கு வணக்கம் சொல்லாதவன் எல்லாம் வணக்கம் சொன்னான். அந்த நாற்காலி கிடைத்தது ராஜு, பதினோரு வருஷம் அதில் உட்கார்ந்தேன். இதற்குமேல் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பக்தி என்று சொல்ல ஆசையாக இருக்கிறது, ஆனால் அது பக்தி இல்லை.

உன் அம்மா எப்போதும் ஒன்றுதான் சொல்வாள், போட்டோவில் உன் முகத்தைப் பார்த்துவிட்டு, இவன் முகத்தில் சந்தோஷமே இல்லையே என்று. வாயை மூடு, சாமியாரைப் பற்றி அப்படிப் பேசாதே என்று அடக்கிவிடுவேன். படுக்கையில் விழுந்த பிறகு, "புள்ளைய வரச் சொல்லுங்க" என்று தினமும் கேட்டாள். "சாமிக்கு அங்க வேல இருக்குது" என்றேன். "நான் சாமியக் கேக்கல, என் புள்ளையக் கேட்டேன்" என்றாள். அதைக்கூட உன்னிடம் நான் சொல்லவில்லை. நிலைமை மோசம் என்று உனக்குச் சொன்னபோது பனி விழத் தொடங்கிவிட்டது.

எண்பது வயதுக்காரர்கள்கூட உன்னை ஃபாதர் என்கிறார்கள். பெற்ற நானே சாமி என்கிறேன். அவள் போன பிறகு உன்னை வெறும் பெயராகக் கூப்பிட உலகத்தில் ஓர் ஆள் இல்லை. உன் பெயர் முழுசாக எழுதியிருப்பது அந்தக் கல் ஒன்றில்தான். பதினெட்டு நாளாக அந்தப் போட்டோவைப் பார்த்துக்கொண்டே இருந்து, நேற்றுத்தான் எனக்கு இது உறைத்தது.

இன்று காலை சிமித்தேரிக்குப் போனேன். போன வாரமே கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போன பிறகு, அவள் தலைமாட்டில் உட்கார்ந்தேன். "அன்னிக்கி வந்தது ராஜுதாம்மா. நாந்தான் தொரத்திட்டேன்" என்று சொன்னேன். முழுவதையும் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த எதிர்வீட்டு மரியம்மா திரும்பிப் பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து வந்து, சாமி எப்போது வருகிறார் என்று கேட்டது. "சாமி வரல மரியம்மா. என் புள்ள வர்றான். பட்டத்த வுட்டுட்டு வர்றான்" என்றேன். அது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. இந்நேரம் நம்ம நெல்லித்தோப்பு முழுக்கத் தெரிந்திருக்கும். ஊரில் என்ன சொல்லுவார்கள் என்று உன்னைக் கேட்டேன் இல்லையா, இனி அந்தக் கேள்வி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நான் என் அப்பா நின்ற தூணுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். எனக்கு அந்த இடம் பழக்கம்தான்.

நேர்த்தி இல்லை என்று தெரிந்த பிறகும், அந்தக் கிழவர்களை விட்டு வர மனசில்லை, இருக்கிறேன் என்று உனக்குத் தோன்றினால் இரு. அது உன் விருப்பமாக இருக்கட்டும், என் பொய்யாக இருக்க வேண்டாம். வருவதானால் முறையாக எழுதிக்கொடுத்துவிட்டு, கோயில் சாவியை அவர்கள் கையில் ஒப்படைத்துவிட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சொல்லிக்கொண்டு வா. லியோவின் அண்ணன் போல ஒரு பெட்டியோடு தலைகுனிந்து நடந்து வராதே. இங்கே என்ன செய்வது என்று யோசிக்காதே, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அதுவரைக்கும் வேளைக்குச் சாப்பிடு. தூக்கம் வரவில்லை என்றால் டாக்டரிடம் போ, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குழி தோண்டுகிற அந்த மெஷின்காரரோடாவது பேசு. அப்புறம், ஆறு அறையிலும் விளக்குப் போடு.

அந்தக் கல்லைப் பிடுங்க வேண்டாம். லியோ அன்பாக வெட்டியது, பெயர் அங்கேயே இருக்கட்டும். கோட்டுக்குப் பக்கத்தில் அவர் விட்டுவைத்த இடம் வெறுமனே கிடக்கட்டும், அந்தச் சிமித்தேரியிலேயே நிரம்பாத கல்லாக அது ஒன்றாவது இருக்கட்டும். இங்கே உன் அம்மாவுக்குப் பக்கத்தில் இருப்பது எனக்கான இடம். என்னை அதில் இறக்கும்போது நீ சாமியாராக நின்று ஜெபம் சொல்ல வேண்டாம். பிள்ளையாக நின்று ஒரு பிடி மண் போடு, போதும்.

இது கடைசிப் பக்கம். எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பேன். பதில் எழுத முடியாவிட்டால் எழுத வேண்டாம். என்னை மன்னிக்கவும் வேண்டாம், அதைக் கேட்க எனக்கு வாயில்லை. திறந்து மட்டும் பார், ராஜு. அந்த இரண்டு டிக்கும் நீலமானால், நீ இருக்கிறாய் என்று தெரிந்துகொள்வேன்.

அப்பா